ஆறு மாதத்துக்கு ஒரு முறை

எங்கள் புளோக்கிலிருந்து நான்கு நிமிட நடையில் ஒரு மருந்தகம், அதாவது கிளினிக், இருக்கிறது. ஞாயிறு காலையிலும் திறந்திருக்கும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். முகப்பில் இருந்த பெண் வரிசைச் சீட்டோடு மூடியிட்ட சிறிய பிளாஸ்டிக் குப்பி ஒன்றையும் நீட்டினார். என்னிடம்தான் நீட்டினார். நான் வாங்கி, பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது இரு கைகளாலும் பொத்திப் பிடித்திருந்தாள். காற்றில் அணைந்துவிடாமல் அகல்விளக்கை எடுத்து வருகிறவளைப் போல. காத்திருந்தவர்கள் எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறரைப் பார்க்காமலிருப்பது இந்த ஊரில் ஒரு மரியாதை.

சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்கு வரும் வெளிநாட்டுப் பெண்கள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது விதி. தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கர்ப்பமாக இருக்கிறாளா என்றும் பார்ப்பார்கள். கர்ப்பம் என்றால் பொதுவாக வேலை அனுமதி ரத்தாகும், ஊருக்குத் திரும்ப வேண்டும். வேலை அனுமதியில் இருப்பவர் சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க விரும்பினால் அதற்கும் மனிதவள அமைச்சின் ஒப்புதல் தேவை. 2021 ஆகஸ்டிலிருந்து இதே பரிசோதனையில் டாக்டர் அவளுடைய எடையையும் கவனிக்கிறார், உடம்பில் அடிபட்ட காயம் ஏதும் உண்டா என்றும் பார்க்கிறார். முதலாளி பட்டினி போடுகிறாரா, கை நீட்டுகிறாரா என்று கண்டுபிடிக்க. நல்ல ஏற்பாடு. ஒரே அறை, ஒரே டாக்டர், ஒரே பத்து நிமிடம்: அவளைக் காப்பதும் அவளைக் கண்காணிப்பதும் அதற்குள்ளேயே நடந்துமுடிந்துவிடுகின்றன.

செலவு முதலாளியுடையது. முதலாளி என்றால் நான்தான். பேருந்தில் நின்றுகொண்டு வேலைக்குப் போய்வரும் எனக்கு அந்தச் சொல் இன்னும் ஒட்டவில்லை.

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா கேட்டார்: “எதற்கு மருந்தகம்? காய்ச்சலா?” அம்மாவுக்கு எண்பது வயது. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து சக்கர நாற்காலி. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் இந்தப் பெண் இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருக்கிறாள். பெயர் சொல்லப்போவதில்லை, என் கட்டுரைக்குள் வருவதற்கு அவள் சம்மதித்தாள், பெயரோடு வருவதற்கு அல்ல. அவளே அம்மாவுக்கு விளக்கினாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அம்மா. பிள்ளை உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஆறு மாதத்துக்கு ஒரு தடவையா? என்னை ஒரே தடவையோடு விட்டுவிட்டார்கள்” என்றார்.

அவள் சிரித்தாள். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது போலிருந்தது. எனக்குத்தான் புரியவில்லை.

அன்று மத்தியானம் அம்மா சொன்னது இது. நான் மூன்றாவது பிள்ளை. 1974இல் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் பிறந்தேன். ‘இரண்டு போதும்’ என்ற இயக்கம் தொடங்கி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெண்ணோ ஆணோ, இரண்டே போதும் என்ற சுவரொட்டி எங்கும். மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவக் கட்டணம் கூடுதல். சம்பளத்துடன் கூடிய பேறுகால விடுப்பு முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். ஆனால் பிரசவத்தோடு கருத்தடை அறுவையும் செய்துகொண்டால் கட்டணம் தள்ளுபடி. பிறகு தொடக்கப்பள்ளிச் சேர்க்கையிலும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு முன்னுரிமை. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை. தோ பாயோவில் மூவறை வீடு. அம்மாவுக்கு இருபத்தொன்பது வயது. தாள் வந்தது, கையெழுத்துப் போட்டார். நான் பிறந்து இரண்டாம் நாள்.

எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் இடம் கேட்டு அலைந்த தொடக்கப்பள்ளியில் எனக்கு ஏன் அவ்வளவு எளிதாக இடம் கிடைத்தது என்று நான் யோசித்ததே இல்லை. என் கெட்டிக்காரத்தனம் என்றுகூட இருந்திருக்கிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன கெட்டிக்காரத்தனம்!

“கட்டாயப்படுத்தினார்களா?” என்று கேட்டேன்.

“சே, சே. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நர்ஸ் மிகவும் அன்பாகப் பேசினாள். எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தாள்.”

அந்த மைலோ என் மனத்தைவிட்டுப் போகவில்லை.

நாற்பது வயதுக்கு மேல் மாலைநேர வகுப்பில் சேர்ந்து ஒரு பட்டம் வாங்கினேன். அதில் ஒரு பருவம் முழுக்கப் பிரெஞ்சுத் தத்துவவாதி மிஷல் ஃபூக்கோ. வகுப்பில் மற்றவர்கள் என்னைவிட இருபது வயது இளையவர்கள். அதிகாரம் என்ற சொல்லைக் கேட்டதும் போலீஸ், சிறை, தணிக்கை என்று பேசுவார்கள். ஃபூக்கோவை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அவர் அங்கே நிற்காததுதான். 1976 மார்ச்சில் பாரிஸின் கொலேஜ் த பிரான்ஸில் நிகழ்த்திய ஓர் உரையில் அவர் ஒரு வித்தியாசத்தைச் சொல்கிறார். பழைய மன்னனின் அதிகாரம் சாகடிக்கும் அல்லது வாழவிடும். பதினெட்டாம் நூற்றாண்டு தொடங்கி வேறொரு அதிகாரம் வளர்ந்தது. அது வாழவைக்கும் அல்லது சாகவிடும். பிறப்பு, இறப்பு, கருவளம், சுகாதாரம், ஆயுள் ஆகியவற்றைக் கணக்கெடுத்து, சராசரி பார்த்து, மக்கள்தொகை என்ற புதிய உடம்பைப் பராமரிக்கும். இதற்குத் தமிழில் ‘உயிர் அரசியல்’ என்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்லாக்கத்தில் முழுத் திருப்தி இல்லை. அதைப் பற்றிப் பின்னால்.

முதல் வகை அதிகாரத்துக்குத் தமிழனுக்குப் பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. மோசிகீரனார் களைப்பில் சேரன் அரண்மனையின் முரசுகட்டிலில் ஏறித் தூங்கிவிட்டார். அது முரசுக்கு உரிய புனிதக் கட்டில்; தண்டனை, உடலை இரு கூறாக்குவது. பெருஞ்சேரல் இரும்பொறை வாளைத் தொடவில்லை, விசிறியை எடுத்து வீசினான். நாம் இந்தக் கதையைப் பள்ளியில் தமிழன்புக்கு எடுத்துக்காட்டாகப் படித்தோம். நன்றாக யோசித்துப் பார்த்தால் விசிறியின் குளுமைக்குப் பின்னால் வாள் இருந்ததால்தான் அது கதை. வெட்டியிருக்க முடிந்தவன் வெட்டவில்லை. புலவர் விழித்துப் பாடிய பாட்டிலும் அந்த வியப்புதான்: கொல்லாமல் விட்டாயே என்று. அதே மோசிகீரனார் இன்னொரு பாட்டில், “நெல்லும் உயிரன்றே நீரும் உயிரன்றே மன்னன் உயிர்த்தே மலர்தலை உலகம்” என்றார். உலகம் உடல், மன்னன் அதற்கு உயிர்.

பல நூற்றாண்டுகள் கழித்துக் கம்பன் வந்து இதைத் தலைகீழாகத் திருப்பினான். வையம்தான் உயிர், அந்த உயிர் உய்யும்படி தாங்கும் உடல்தான் மன்னன். இலக்கியக் கூட்டங்களில் இந்தத் திருப்பத்தைச் சொன்னால் கைதட்டல் உறுதி. மக்களாட்சியின் வித்து என்பார்கள். இருக்கட்டும். ஆனால் ஃபூக்கோவைப் படித்தபின் எனக்குக் கம்பன் வரி வேறு மாதிரியும் கேட்கிறது. மக்களின் உயிரைத் தாங்குவதே தன் வேலை என்று ஓர் அரசு எடுத்துக்கொண்டால், அந்த உயிரின் எந்த மூலையும் அதற்கு அந்நியமாக இருக்க முடியாது. எத்தனை பிள்ளை, எந்த மாதம், எத்தனை கிலோ, எல்லாமே அதன் அக்கறைக்குள் வரும். வாளுக்குப் பயந்து ஓடலாம். மைலோவுக்குப் பயந்து எங்கே ஓடுவது?

1978 வாக்கில் ஃபூக்கோ மேய்ப்பனின் அதிகாரம் என்று ஒன்றைப் பற்றிப் பேசினார். மேய்ப்பன் மந்தையைக் காப்பான், ஒவ்வோர் ஆட்டையும் தனித்தனியாகவும் அறிவான். இங்கே ஓர் இடைச்செருகல். நம் ஊரின் புகழ்பெற்ற மகப்பேற்று மருத்துவமனையின் பழைய பெயர் கண்டாங் கிர்பாவ். மலாயில் எருமைத் தொழுவம். சிராங்கூன் பக்கம் அந்தக் காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த இடம், நம்மவர்கள் பலர் அந்தத் தொழிலில் இருந்தார்கள், பஃபலோ ரோடு இன்றும் தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், இருக்கிறது. 1966இல் மட்டும் அந்த மருத்துவமனையில் கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள் பிறந்தன, உலகச் சாதனை. அதே ஆண்டில்தான் குடும்பக் கட்டுப்பாட்டு, மக்கள்தொகை வாரியமும் அமைந்தது. தொழுவம் நிரம்பி வழிகிறது என்று மேய்ப்பன் கவலைப்பட்டதில் தவறும் சொல்ல முடியாது. தீவு சிறியது. பள்ளிகள் காலை, மாலை என இரு வேளையாக நடந்தன. வேலை இல்லை. 1961 புக்கிட் ஹோ சுவீ தீயில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் வீடிழந்ததை அப்பா நேரில் பார்த்தவர். அத்தாப்புக் குடிசையிலிருந்து தண்ணீர்க் குழாய் உள்ள மூவறை வீட்டுக்கு வந்த தலைமுறை அது. ‘இரண்டு போதும்’ என்று சொன்னவர்களை அவர்கள் எதிரிகளாகப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. கொசுப் புழு தேடி அதிகாரிகள் கைவிளக்கோடு கதவைத் தட்டும்போது, பூந்தொட்டித் தட்டையும் துணி காயப்போடும் மூங்கில் கம்பு செருகும் குழாயையும் நானே காட்டுகிறேன். டெங்கி வந்து படுத்தவர்களுக்குத் தெரியும் அந்த விளக்கொளியின் அருமை.

எனக்குத் தொண்டையில் சிக்குவது வேறொன்று.

1983 ஆகஸ்ட் 14 அன்று, தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ குவான் யூ, படித்த பெண்கள் குறைவாகப் பிள்ளை பெறுகிறார்கள் என்று கவலைப்பட்டார். அடுத்த ஆண்டு பட்டதாரித் தாய்மார் திட்டம் வந்தது: பட்டதாரிப் பெண்ணுக்கு மூன்று பிள்ளைகள் இருந்தால் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. அதே 1984இல், படிப்பும் வருமானமும் குறைந்த, முப்பது வயதுக்குட்பட்ட பெண் ஒன்று அல்லது இரண்டு பிள்ளைகளோடு அறுவை செய்துகொண்டால் 10,000 வெள்ளி. கொஞ்சம் நிறுத்தி இதைப் பாருங்கள். பள்ளி இடம் அதே பரிசுதான். ஒருத்திக்குப் பெற்றதற்குக் கிடைக்கிறது. பத்து வருடம் முன்பு என் அம்மாவுக்கு இனிப் பெறாமலிருக்கச் சம்மதித்ததற்குக் கிடைத்தது. கொடியோரை வேந்தன் தண்டிப்பது பயிருக்குக் களையெடுப்பது போன்றது என்றார் வள்ளுவர். அவர் களை என்றது கொலைபாதகர்களை. ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பெண்களின் பிறக்காத பிள்ளைகளை அல்ல.

இதற்கு எதிர்ப்பு எழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பட்டதாரிப் பெண்களே வேண்டாம் என்றார்கள். 1984 டிசம்பர் பொதுத் தேர்தலில் ஆளும் மக்கள் செயல் கட்சியின் வாக்கு விகிதம் கிட்டத்தட்ட 13 விழுக்காட்டுப் புள்ளி சரிந்தது. அதற்கு இந்தத் திட்டமும் ஒரு காரணம் என்று அப்போதே பேசப்பட்டது. 1985இல் திட்டம் கைவிடப்பட்டது. 1987இல் முழக்கமே திரும்பியது: வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள். 2001இல் குழந்தை போனஸ். இன்றைக்கு மூன்றாவது பிள்ளைக்கு ரொக்கமாக 13,000 வெள்ளி. 2023இல் மொத்தக் கருவள விகிதம் 0.97, அரைநூற்றாண்டுக்கு முன் எதற்குப் பயந்தார்களோ அதற்கு நேர் எதிரான பயம். இதை அம்மாவிடம் சொன்னேன். “பதின்மூவாயிரமா?” என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீ கொஞ்சம் பொறுத்துப் பிறந்திருக்கலாம்.”

அம்மா அன்று சுதந்திரமாக இருந்தாரா? என் வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் இல்லை என்று ஒரே குரலில் சொல்லியிருப்பார்கள். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு நாக்கு வராது. அவர் யோசித்தார், கணக்குப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். அதைப் பறித்துக்கொண்டு, நீங்கள் ஏமாற்றப்பட்டீர்கள் என்று நான் சொன்னால் அது இன்னொரு அவமானம். ஃபூக்கோ 1982இல் வெளியான கட்டுரையில், அதிகாரம் சுதந்திரமானவர்கள் மீதுதான் செலுத்தப்படுகிறது என்கிறார். சங்கிலியால் கட்டப்பட்டவன் மீது செலுத்தப்படுவது வெறும் பலம். அங்கே அதிகாரத்துக்கு வேலையில்லை. முதலில் படித்தபோது வார்த்தை விளையாட்டு என்று நினைத்தேன். அம்மாவின் கையெழுத்தைக் கேட்டபின் அப்படித் தோன்றவில்லை. யாரும் அவர் கையைப் பிடிக்கவில்லை. தரையைச் சற்றே சாய்த்து வைத்திருந்தார்கள். நீர் தானாக ஓடியது. ஓடியது நீரின் விருப்பமா, சாய்த்தவன் விருப்பமா என்றால் இரண்டும்தான்.

இப்போது ‘உயிர் அரசியல்’ என்ற அந்தச் சொல் விஷயம். இத்தாலியத் தத்துவவாதி ஜியார்ஜியோ அகம்பென் 1995இல் எழுதிய நூலில் கிரேக்கர்களிடம் உயிர் வாழ்வதற்கு இரண்டு சொற்கள் இருந்ததாகத் தொடங்குகிறார். விலங்கு, மனிதன், தேவர் எல்லோருக்கும் பொதுவான வெறும் உயிர்த்திருப்பு ஒன்று. ஒரு வகையாக, ஒரு முறையோடு வாழும் வாழ்வு மற்றது. இதைத் தமிழில் சொல்ல அறிஞர்கள் நிறையக் கஷ்டப்படுகிறார்கள். எனக்கென்னவோ நம் வீடுகளில் அந்தச் சொற்கள் காலங்காலமாக இருக்கின்றன: பிழைப்பு, வாழ்வு. ‘பிழைக்கப் போனான்’ என்றால் கப்பலேறினான் என்று பொருள். ‘வாழப் போனாள்’ என்றால் புகுந்த வீட்டுக்குப் போனாள். பிழைக்கப் போன இடத்தில் வாழ்வைப் பற்றிப் பேசக்கூடாது என்பது எழுதாத சட்டம். என் தாத்தா மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் பிழைக்க வந்தார். எங்கள் வீட்டுப் பெண்ணின் கொள்ளுத் தாத்தா கண்டிச் சீமைக்குப் பிழைக்கப் போனார். ஒருவேளை ஒரே மாவட்டத்திலிருந்து, வேறு வேறு கப்பலில்.

அவளுடைய ஆட்களைப் பிழைக்கவும் விடாமல் கணக்கெடுத்தார்கள். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம்: மொத்தம் 975,000 பேர், 525,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 300,000 பேரை இலங்கை. மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் இந்த மீதியை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நான் பிறந்த வருடம். பிரிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவளுடைய பாட்டி இலங்கைக் கணக்கில் வந்தார், பாட்டியின் அண்ணன் இந்தியக் கணக்கில். ராமேஸ்வரம் போகும் கப்பலுக்கு அழுதுகொண்டே வழியனுப்பியதாகச் சொல்வாராம். அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் 1951இல், உரிமைகளைப் பெறுவதற்கான உரிமை என்று ஒன்றைச் சொன்னார். ஏதாவது ஒரு சமூகத்தில் உறுப்பினராக இருந்தால்தான் மனித உரிமை என்பதே கைக்கு வரும், இல்லாவிட்டால் வெறும் மனிதனாக இருப்பது எதற்கும் உதவாது என்று. ஐரோப்பிய அகதிகளை நினைத்து எழுதியது. இலங்கை மலையகத்துத் தலவாக்கலைக்கும் அப்படியே பொருந்துகிறது.

அகம்பெனோடு எனக்குச் சண்டை உண்டு. அவருக்கு எங்கே பார்த்தாலும் வதைமுகாம். 2020 பிப்ரவரியில் இத்தாலியில் தொற்று பரவத் தொடங்கியபோது, அவசரநிலையைச் சாதாரணமாக்க அரசு புனைந்த சாக்கு என்கிற தொனியில் எழுதினார். அடுத்த சில வாரங்களில் அந்த நாட்டில் சவப்பெட்டிகளை ராணுவ லாரிகளில் ஏற்ற வேண்டி வந்தது. தத்துவம் கண்ணை மறைக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம். ஆனால் அதே ஆண்டு ஏப்ரலில் சிங்கப்பூரில் நடந்ததை யோசிக்கும்போது அவரை முழுக்கத் தள்ளவும் முடியவில்லை.

அப்போது மாலைதோறும் எண்கள் வரும். சமூகத்தில் இத்தனை, விடுதிகளில் இத்தனை. இரண்டு பத்தி. சமூகத்தில் நான்கு என்றால் அப்பாடா என்று மூச்சு விடுவோம். பக்கத்துப் பத்தியில் அதே நாளில் பல நூறு இருக்கும். விடுதிகளில் 323,000 வெளிநாட்டு ஊழியர்கள். ஓர் அறையில் பத்து, பன்னிரண்டு பேர் என்று ஈரடுக்குக் கட்டில்கள். அந்த ஆண்டு டிசம்பரில் இரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்து அரசாங்கம் வெளியிட்ட கணக்குப்படி அவர்களில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்து போயிருந்தது. நான் நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவர்களைச் சாகவிடவில்லை. மருத்துவம் இலவசமாகக் கிடைத்தது, உணவு போனது, இறந்தவர்கள் மிகச் சிலர். எத்தனையோ பணக்கார நாடுகள் தம் சொந்த முதியவர்களுக்குக்கூட அவ்வளவு செய்யவில்லை. ஆனால் நாங்கள் ஜூனில் வெளியே வந்து, ஆண்டு முடிவில் உணவகங்களில் கூடியபோதும் அவர்கள் வேலைத்தளத்துக்கும் விடுதிக்கும் இடையே லாரியில் போய்வந்தார்கள். 2021 செப்டம்பரில் முன்னோட்டமாகத் தேக்கா போன்ற இடங்களுக்கு வாரத்துக்கு 500 பேர் வரை அனுமதிக்கப்பட்டார்கள். ஐந்நூறு! பழைய ஞாயிறுகளில் ரேஸ் கோர்ஸ் ரோட்டின் ஒரு முனையிலேயே அத்தனை பேர் நிற்பார்கள்.

ஃபூக்கோவின் கணக்கில் இதற்கு இடமில்லை. வாழவைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது, சாகவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. பிழைக்கவைத்தார்கள், வாழவிடவில்லை. இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வார்களோ எனக்குத் தெரியாது. தமிழில் சொன்னால் எந்த விடுதியிலும் விளக்கவுரை தேவைப்படாது.

இதை எழுதிக்கொண்டிருந்த இரவில்தான் எனக்கே ஒன்று உறைத்தது. அரெண்ட் 1958இல் வெளிவந்த நூலில் பழைய கிரேக்க நகரத்தைப் பற்றிச் சொல்வார். அங்கே ஆண்கள் சந்தைவெளியில் கூடிச் சுதந்திர மனிதர்களாகப் பேச முடிந்தது; சோறாக்குவதும் உடம்பைப் பேணுவதும் வீட்டுக்குள் அடிமைகள், பெண்கள் தலையில் இருந்தன. வீடு தேவையின் இடம், வெளி சுதந்திரத்தின் இடம். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை விரித்து, சுதந்திரம் என்று தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். குளியலறையிலிருந்து அம்மாவின் துணிகளை அலசும் சத்தம். பதினொன்றாகப் பத்து நிமிடம். நான் ஒன்றும் கொடுமைக்கார முதலாளி அல்ல. சம்பளம் முதல் தேதியில் போகிறது, தனி அறை, கைபேசி, வாரம் ஒரு நாள் ஓய்வு. அன்பாகத்தான் இருக்கிறேன். மைலோகூடக் கலக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அவளுடைய மகளுக்குப் பதினொரு வயது. வாரம் மூன்று முறை காணொளியில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறாள். அந்தப் பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எங்கள் வீட்டிலிருந்து போகிறது என்றால், அந்தப் பள்ளி இடத்துக்காக ஓர் உடம்பு இங்கே ஆறு மாதத்துக்கு ஒரு முறை குப்பியோடு நடக்கிறது. என் பள்ளி இடத்துக்காக ஓர் உடம்பு ஒரே முறை படுத்தது போல. ஐம்பது வருட இடைவெளியில் இருவரும் கையெழுத்துப் போட்டவர்கள். வித்தியாசம் என்னவென்றால், அம்மாவுக்கு வந்த தாள் ஒரு குடிமகளுக்கு வந்த தாள். அவளைப் போன்றவர்கள் பத்து வருடம் கழித்து ஒரு தேர்தலில் தங்கள் கோபத்தைப் பதிவுசெய்ய முடிந்தது. இவளுக்கு வரும் தாள் என் பெயருக்கு வருகிறது. அவள் உடம்பைப் பற்றிய கடிதத்தை நான் பிரிக்கிறேன்.

அடுத்த கடிதமும் வந்தது. வழக்கம்போல் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தேக்கா மளிகைக்கடை நாட்காட்டியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். அன்று மாலை அவள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

“அக்கா, இந்தத் தடவை செவ்வாய்க்கிழமை போகட்டுமா? ஞாயிறு என் ஓய்வு நாள்.”

மூன்று வருடமாக, ஐந்து முறை, அவளுடைய ஓய்வு நாளின் பாதிக் காலையை அந்த மருந்தகத்தில் செலவழிக்க வைத்திருக்கிறேன். வார நாளில் போனால் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதால். ஓய்வு நாள் பற்றிய விதிகள் எனக்கு மனப்பாடம். 2023 ஜனவரியில் மாறியது வரைக்கும். அது ஒரு விதிமீறலாக இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றியதில்லை. அவள் கேட்ட தொனியில் புகார் எதுவும் இல்லை. அதுதான் இன்னும் மோசம்.

செவ்வாய்க்கிழமைக்கு அரை நாள் விடுப்பு எடுத்தேன். அவள் தனியாகப் போனாள்; குப்பியை அன்று அவள் கையிலேயே கொடுத்திருப்பார்கள். அம்மாவைக் குளிக்கவைப்பது என் வேலை. குளியலறை வாசல் மேட்டில் நாற்காலியை ஏற்றவே எனக்குப் பத்து நிமிடமாயிற்று. அவள் எப்படித்தான் தினமும் தூக்குகிறாளோ. வாளியில் வெந்நீர் விளாவி, முதுகுக்கு ஊற்றி, முன்பக்கம் வந்து குனிந்தபோது, தொப்புளுக்குக் கீழே அது இருந்தது. இரண்டு விரல்கடை நீளம். வெளுத்து, சுருக்கங்களோடு கலந்து, தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. தினமும் குளிக்கவைக்கிறவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“பார்த்துக்கொண்டே நிற்காதே” என்றார் அம்மா. “தண்ணீர் ஆறுகிறது.”